டைம்ஷேரில் உயர்நிலை உறுப்பினர் சலுகைகளுக்காகக் கூடுதல் பணம் கட்டுவது தகுமா?

நீலவானம்

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக ஒரு டைம்ஷேர் குழுமத்தில், அதாவது விடுமுறை வீடுகளில் ஆண்டுதோறும் சில நாட்கள் தங்கும் உரிமையை விற்கும் குழுமத்தில், அந்த உரிமையைப் புள்ளிகளாகப் பெற்றுச் செலவிடும் புள்ளி முறை உறுப்பினராக இருக்கிறோம். நால்வர் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு ஒரு வாரம் இரண்டு படுக்கையறை வீட்டில் தங்குவதற்குப் போதுமான புள்ளிகள் எங்களிடம் உள்ளன. இதுவரை பெரிய குறை எதுவும் இல்லை.

போன விடுமுறையில் "உறுப்பினர் விளக்கக் கூட்டம்" என்று அழைத்தார்கள். 90 நிமிடம் என்று சொல்லி அழைத்த கூட்டம் 4 மணி நேரத்துக்கு நீண்டது. புள்ளிகளைக் கூட்டிக்கொண்டால் "தங்க நிலை" கிடைக்கும் என்றும், அந்த நிலைக்கு உரிய சலுகைகளைக் கணக்கில் எடுத்தால் கூடுதல் செலவு தானாகவே ஈடாகிவிடும் என்றும் விளக்கினார்கள். நாங்களும் கையெழுத்திட்டுவிட்டோம். அது நடந்து இன்றோடு 3 நாட்கள் ஆகின்றன. ஒப்பந்தத்தில் 10 நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்று எழுதப்பட்டுள்ளது.

இங்கே பல நாட்டவர் இருப்பதால் தொகைகளை எந்த நாணயத்திலும் சொல்லவில்லை. இப்போது ஆண்டுதோறும் நாங்கள் கட்டும் பராமரிப்புக் கட்டணம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய புள்ளிகளின் விலை 400. அவற்றுக்காக ஆண்டுப் பராமரிப்பில் மேலும் 25 கூடும். பதிலுக்குக் கிடைப்பவை இவை: தங்கும் நாளுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் முன்பதிவு செய்தால் புள்ளிகளில் 25 விழுக்காடு தள்ளுபடி, காலியாக இருந்தால் பெரிய வீட்டுக்கு மாற்றம், எங்கள் பதிவில் வேறொருவரைத் தங்கவைக்க ஆண்டுக்கு 3 விருந்தினர் சான்றுகள், பதிவுக் கட்டண விலக்கு, பரிமாற்ற நிறுவனத்தில் (நம் வாரத்தை வேறு ரிசார்ட்டின் வாரத்தோடு மாற்றித் தரும் நிறுவனம்) மேல்நிலை உறுப்பினர் தகுதி, வாடகை வாகனத்தில் தள்ளுபடி, தனித் தொலைபேசி எண். இவ்வளவுக்கும் அந்தக் கூடுதல் செலவு தகுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கணக்கேடு

நீலவானம் அவர்களே, நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியை ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் யாரிடமும் கேட்காமல் கையெழுத்திட்டேன். அதன் பிறகாவது உண்மை தெரியட்டும் என்று ஒரு நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு எழுதிவைக்கத் தொடங்கினேன். இடப்பக்கத்தில் நான் பயன்படுத்திய சலுகை, வலப்பக்கத்தில் "இது இலவசமாகக் கிடைக்காவிட்டால் காசு கொடுத்து வாங்கியிருப்பேனா?" என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை. அந்த வலப்பக்கம்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் எந்தச் சலுகையும் அதன் அச்சிட்ட விலைக்கே மதிப்புடையதாகத் தோன்றும்.

ஆறு ஆண்டுகளில் பெரிய வீட்டுக்கு மாற்றித் தரும்படி 13 முறை கேட்டேன். 3 முறை கிடைத்தது. அந்த மூன்றில் இரண்டு முறை நானும் என் கணவரும் மட்டுமே போயிருந்தோம். மூன்று படுக்கையறை உள்ள வீட்டில் இரண்டு அறைகளின் கதவைத் திறக்கவே இல்லை. நாட்குறிப்பில் அந்த இரண்டுக்கும் எதிரே "இல்லை" என்றே எழுதியிருக்கிறேன். மூன்றாவது முறை தங்கையின் குடும்பமும் உடன் வந்தது. அன்று அது உண்மையிலேயே பெரும் உதவியாக இருந்தது, மறுக்க மாட்டேன்.

விருந்தினர் சான்று மொத்தம் 18 கிடைத்தது, 2 பயன்பட்டது. கடைசி 60 நாள் தள்ளுபடியை ஒரே ஒருமுறைதான் பயன்படுத்த முடிந்தது, ஏனென்றால் பள்ளி விடுமுறை நாட்களில் கடைசி 60 நாட்களுக்கு எதுவும் காலியாக மிஞ்சுவதில்லை. வாடகை வாகனத்துக்கு உறுப்பினர் விலையைவிடப் பொது இணையதளத்தில் குறைவான விலை இருந்ததை மூன்று முறை பார்த்த பிறகு தேடுவதையே விட்டுவிட்டேன். ஒழுங்காக ஒவ்வோர் ஆண்டும் பயன் தந்தது பதிவுக் கட்டண விலக்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் கூட்டி, "ஆம்" என்று எழுதியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், உங்கள் அளவுகோலில் ஆண்டுக்கு 6 அல்லது 7 வரும். நான் அதற்காகக் கூடுதலாகக் கட்டுவது அதைப்போல் பல மடங்கு.

ஓய்வுக்காலம்

கணக்கேடு அம்மையார் எழுதியது அவர் குடும்பத்துக்குச் சரி. ஆனால் எல்லோருக்கும் அதே விடை வராது என்பதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். எங்கள் குழுமத்துக்குச் சொந்தமான நான்கு ரிசார்ட்டுகள் வீட்டிலிருந்து வண்டியில் 3 மணி நேரத் தொலைவுக்குள் இருக்கின்றன. பள்ளி திறந்த மறுவாரம்தான் எங்களுக்கு விடுமுறை தொடங்கும். திங்கட்கிழமை காலையில் காலியிடம் பார்த்து, புதன்கிழமை கிளம்பிவிடுவோம். எங்கள் நிலைக்குக் கடைசி நேரத் தள்ளுபடி பாதிக்குப் பாதி என்பதால், ஆண்டுக்கு இரண்டு வாரங்களுக்கு மட்டுமே போதுமான புள்ளிகளைக் கொண்டு கடந்த ஆண்டில் 26 இரவுகள் தங்கினோம். அந்த 26 இரவுகளில் ஓர் இரவைக்கூடத் தேவையில்லாமல் தங்கியதாக நான் நினைக்கவில்லை. வீட்டில் இருந்தால் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்போம். அங்கே இருவரும் காலையும் மாலையும் நடக்கிறோம், மனம்விட்டுப் பேசுகிறோம்.

ஆகவே சலுகை நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, அதைப் பயன்படுத்தும் வாழ்க்கைமுறை இப்போதே உங்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். என்றாவது வரும் என்பதற்காக வாங்காதீர்கள். எங்களிடம் அது இருந்தது, அதனால் பயன்பட்டது.

இரண்டாம்கை

இருவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் நீலவானம் கேட்டது "கூடுதல் செலவு தகுமா" என்பது. அந்தக் கூடுதல் செலவு எவ்வளவு என்பதையே நாம் இன்னும் சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

400 கொடுத்து அவர் வாங்கியிருப்பது இரண்டு பொருட்கள். ஒன்று, புள்ளிகள், அவை ஆண்டுதோறும் சில இரவுகள் தங்கும் உரிமையைத் தருகின்றன. மற்றொன்று, தங்க நிலை. விற்பனை மேசையில் இந்த இரண்டையும் ஒரே விலையாகச் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: அதே குழுமத்தின் அதே அளவு புள்ளிகளை, ஏற்கெனவே வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து மறுவிற்பனையில் வாங்கினால் என்ன விலை என்று பாருங்கள். பெரும்பாலான குழுமங்களில் அது நேரடி விலையில் ஒரு சிறு பகுதியாகவே இருக்கும். சில இடங்களில் பராமரிப்புக் கட்டணத்தை இனி நீங்கள் கட்டினால் போதும் என்று இலவசமாகவே மாற்றித் தருகிறவர்களும் உண்டு. உங்கள் புள்ளிகளின் மறுவிற்பனை விலை 60 என்றால், மீதமுள்ள 340 முழுவதும் அந்தச் சலுகைகளுக்காக நீங்கள் கொடுத்த விலை. பராமரிப்புக் கட்டணம் எப்படி வாங்கினாலும் ஒன்றுதான், அதனால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டியதில்லை.

நிறுவனங்கள் இதை நன்றாக அறிந்தே விதிகளை வகுத்துள்ளன. பல குழுமங்களில் மறுவிற்பனையில் வாங்கிய புள்ளிகள் உயர்நிலைத் தகுதிக்குக் கணக்கில் வராது. டிஸ்னி நிறுவனத்தின் டைம்ஷேர் குழுமமான டிஸ்னி வெக்கேஷன் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 2016 ஏப்ரல் 4ஆம் தேதிக்குப் பிறகு மறுவிற்பனையில் மட்டும் வாங்கியவர்களுக்குக் கூடுதல் உறுப்பினர் சலுகைகள் கிடையாது என்று அறிவித்தார்கள், 2019 ஜனவரி 19ஆம் தேதி முதல் அப்படி வாங்கிய புள்ளிகளைக் கொண்டு ரிவியரா போன்ற புதிய ரிசார்ட்டுகளில் முன்பதிவு செய்யவும் முடியாது. அதே கிளப்பின் பழைய ரிசார்ட்டுகளில், சொந்த ரிசார்ட்டுக்கு (புள்ளிகள் எந்த ரிசார்ட்டுக்கு உரியவையோ அதற்கு) 11 மாதங்களுக்கு முன்பும் மற்றவற்றுக்கு 7 மாதங்களுக்கு முன்பும் பதிவு செய்யும் உரிமை மறுவிற்பனையில் வாங்கியவருக்கும் உண்டு. தங்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதை யாரும் தொட முடியாது. சலுகை நிறுவனத்தின் கையில் இருக்கிறது, அதைக் கூட்டவும் குறைக்கவும் அவர்களால் முடியும். நேரடி விலையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது பொருளுக்குப் போகிறது என்பதுதான் என் கவலை.

நான் மறுவிற்பனையில் மட்டுமே வாங்கியவன். தனி வரிசையில் நின்றதில்லை, பெரிய வீட்டுக்கு மாற்றம் கிடைத்ததில்லை. பெரிய வீடு தேவைப்பட்ட இரண்டு முறையும் கூடுதல் புள்ளிகளைச் செலவழித்துப் பெரிய வீட்டையே பதிவு செய்தேன். அது உறுதியாகக் கிடைத்தது.

நீலவானம்

இரண்டாம்கை அவர்களே, உங்கள் விளக்கத்தைப் படித்த பிறகு நேற்றிரவு மறுவிற்பனைப் பட்டியல்களைத் தேடிப் பார்த்தேன். எங்கள் குழுமத்தின் புள்ளிகளுக்கு நீங்கள் ஊகித்த 60 என்ற அளவையொட்டியே விலை கேட்கிறார்கள். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 400ஐ நாங்கள் ரொக்கமாகக் கட்டவில்லை. அங்கேயே கடனாக ஏற்பாடு செய்தார்கள். 10 ஆண்டுகள், ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. மாதத் தவணையைத்தான் காட்டினார்கள், அது சிறியதாகத் தெரிந்தது.

கணக்கேடு

தவணையை வைத்து மொத்தத்தைப் பார்த்துவிடுவோம். 400க்கு 15 விழுக்காடு வட்டியில் 120 மாதங்கள் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 6.45 வரும். 10 ஆண்டுகளில் நீங்கள் கட்டப்போவது 774. அதாவது அசலுக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு.

பராமரிப்பு இப்போது 25 மட்டுமே கூடுகிறது. ஆனால் அது நிற்காது. எங்கள் கட்டணம் ஆண்டுக்கு 5 விழுக்காடு வீதம் ஏறிவந்திருக்கிறது. அதே வேகத்தை வைத்தால் 10 ஆண்டுகளில் இந்த 25க்கு மட்டும் மொத்தம் 314 கட்டுவீர்கள். அதையும் இரண்டாம்கை சொன்னபடி புள்ளிகளின் கணக்கில் விட்டுவிடலாம். சலுகைகளின் விலையாக மட்டும் மிஞ்சுவது 774இல் இருந்து 60ஐக் கழித்த 714, ஆண்டுக்கு 71. உங்கள் குடும்பம் ஏற்கெனவே ஆண்டுதோறும் கட்டும் பராமரிப்பில் முக்கால் பங்குக்கு அருகில்.

இனி நீங்கள் எழுதிய பட்டியலை எடுத்து, அதில் எந்தெந்தச் சலுகைக்காகப் போன ஆண்டில் உங்கள் பையிலிருந்து பணம் கொடுத்தீர்கள் என்று மட்டும் பாருங்கள். 71க்கு அருகில் வருகிறதா?

நீலவானம்

பதிவுக் கட்டணம் ஒருமுறை கட்டினோம். அது 1.5 அளவு. வேறு எதுவும் இல்லை.

மேசைக்கு அப்பால்

நான் இந்தத் துறையில் ஏழு ஆண்டுகள் விற்பனையாளனாக இருந்து விலகியவன். இப்போது வேறு வேலை செய்கிறேன். அந்த மேசையில் உட்கார்ந்து பல குடும்பங்களிடம் இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறேன் என்பதால் இந்த இழையைப் படிக்கும்போது பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

நீலவானம், உங்களுக்கு ஒரு வெள்ளைத் தாளில் தடித்த பேனாவால் எண்களை எழுதிக் காட்டினார்களா? இடப்புறம் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ஓட்டல் வாடகை, வலப்புறம் உறுப்பினர் செலவு, இரண்டுக்கும் நடுவே வட்டமிட்ட ஒரு பெரிய "மிச்சம்". அந்தத் தாளை உங்களிடம் கொடுத்தார்களா? கொடுத்திருக்க மாட்டார்கள். எங்கள் பயிற்சியிலேயே அந்தத் தாளை மேசையில் விட்டுவிடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். கையெழுத்து முடிந்ததும் அதை மடித்துக் கோப்புக்குள் வைத்துவிடுவோம். பேச்சில் சொன்னது ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் சொன்னதற்குச் சான்று அந்தத் தாள் மட்டும்தான்.

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். சலுகைகள் பெரும்பாலும் ஒப்பந்தத்தின் உள்ளே இருப்பதில்லை. தனியாக ஒரு வண்ணக் கையேட்டில் இருக்கும். "உறுப்பினர் சலுகைகள் எந்த நேரத்திலும் மாற்றப்படலாம் அல்லது நிறுத்தப்படலாம், சலுகைகளை நம்பி இந்த வாங்குதல் செய்யப்படவில்லை என்பதை உறுப்பினர் ஏற்கிறார்" என்ற பொருளில் ஒரு பத்தி இருக்கும். அதன் ஓரத்தில் உங்கள் முதலெழுத்துகளை இட்டிருப்பீர்கள். நான்கு மணி நேரம் சலுகைகளைப் பற்றியே பேசிவிட்டு, சலுகைகளுக்காக வாங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம் என்பதை உணர்ந்த நாளிலிருந்துதான் எனக்கு அந்த வேலையில் உறக்கம் கெட்டது.

சலுகைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. விற்பனையாளர் அனைவரும் ஏமாற்றுகிறவர்களும் இல்லை. ஓய்வுக்காலம் ஐயாவைப் போன்றவர்களுக்கு நான் மனநிறைவோடு விற்றிருக்கிறேன். ஆனால் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தத் திட்டம் பொருந்துமா என்று பார்க்கும் நேரம் எங்களுக்குத் தரப்படவில்லை. அன்றே முடிக்க வேண்டும் என்பதுதான் விதி. "இன்று மட்டும் இந்த விலை" என்ற சொற்கள் அதற்காகவே இருக்கின்றன.

இரண்டாம்கை

ரத்து செய்வதானால் காலத்தை வீணாக்க வேண்டாம். இது இடத்துக்கு இடம் மாறும்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008/122 என்ற ஆணைப்படி 14 நாட்கள், அந்தக் காலம் முடியும்வரை முன்பணம் வாங்கவும் கூடாது, அமெரிக்காவின் புளோரிடாவில் 10 நாட்கள். உங்கள் ஒப்பந்தத்தில் எந்த முகவரிக்கு, எந்த முறையில் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறதோ அப்படியே செய்யுங்கள். தொலைபேசியில் சொல்வது போதாது. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த எண், பெயர்கள், கையெழுத்திட்ட தேதி, "ரத்து செய்கிறோம்" என்ற ஒரு வரி ஆகியவை போதும். காரணம் எழுத வேண்டியதில்லை. இருவர் கையெழுத்திட்டிருந்தால் இருவரும் கையெழுத்திடுங்கள்.

மலைப்பாதை

பட்டியலில் ஒன்றைப் பற்றி யாரும் பேசவில்லை. பரிமாற்ற நிறுவனத்தின் மேல்நிலை உறுப்பினர் தகுதி. அதைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது குழுமத்தின் தங்க நிலையோடு கட்டித் தரப்பட்டாலும், பெரும்பாலும் தனியாகவும் வாங்கக்கூடியது.

உங்கள் ரிசார்ட்டில் உள்ள வாரத்தைக் கொடுத்து வேறோர் ஊரில் ஒரு வாரத்தைப் பெறும் முறைக்கு ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. பரிமாற்ற நிறுவனங்களான ஆர்சிஐ 1974இலும் இன்டர்வெல் இன்டர்நேஷனல் 1976இலும் தொடங்கப்பட்டன. ஒரே இடத்தில் ஒரே வாரம் என்று கட்டுண்டிருந்தவர்களுக்கு அந்தப் பரிமாற்றம்தான் முதல் பெரிய சலுகை. அது இல்லாவிட்டால் டைம்ஷேர் இந்த அளவுக்குப் பரவியிருக்காது. அதன்மேல் பின்னாளில் தங்கம், பிளாட்டினம் என்று அடுக்குகள் வந்தன. அவற்றின் பயன் பொதுவாக மூன்று: காசு கொடுத்து வாங்கும் தள்ளுபடி வாரங்களில் கொஞ்சம் கூடுதல் கழிவு, ஒரு வாரத்துக்குப் பதிலாகச் சில இரவுகளாகப் பிரித்து மாற்றிக்கொள்ளும் வசதி, காலியிடங்களைச் சற்று முன்னதாகப் பார்க்கும் வாய்ப்பு.

முதல் பயனுக்கு விடை எளிது. கூடுதல் சந்தாவை ஒரு வாரத்துக்குக் கிடைக்கும் கழிவால் வகுத்தால் ஆண்டுக்கு எத்தனை வாரம் வாங்கினால் முதல் தேறும் என்று தெரிந்துவிடும். எனக்கு அது இரண்டு வாரம். நான் ஆண்டுக்கு மூன்று வாங்குகிறேன், ஆகவே எனக்குத் தேறுகிறது. ஆனால் பரிமாற்றமே செய்யாத ஆண்டில் அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறேன். இதுதான் நான் வலியுறுத்த விரும்புவது: ஆண்டுதோறும் நிறுத்தக்கூடிய ஒரு சலுகையை வாங்கிப் பார்க்கலாம், தவறு நேர்ந்தால் ஓர் ஆண்டுச் சந்தாவோடு போகும். கடனும் ஆயுள் முழுவதற்குமான பராமரிப்பும் சேர்ந்து வரும் சலுகையை அப்படி வாங்கிப் பார்க்க முடியாது.

அடுக்கு உயர்ந்தால் பரிமாற்ற வலு, அதாவது உங்கள் வாரத்தைக் கொடுத்து நல்ல வாரத்தைப் பெறும் வாய்ப்பு, கூடும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். நீங்கள் பரிமாற்றத்துக்குக் கொடுக்கும் வாரத்துக்கு எவ்வளவு தேவை இருக்கிறது, எவ்வளவு முன்னதாகக் கொடுக்கிறீர்கள், ரிசார்ட்டின் தரம் என்ன என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. புள்ளிகளை ஓட்டல் குழுமத்தின் தங்கும் புள்ளிகளாக மாற்றிக்கொள்ளலாம் என்பதும் இதே வகைதான். வசதியாகத் தோன்றும், ஆனால் கட்டிய பராமரிப்புக் கட்டணத்தை அந்தப் புள்ளிகளால் கிடைக்கும் இரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நேரடியாகப் பணம் கொடுத்துத் தங்குவதே மலிவாக இருந்ததை நான் இரண்டு ஆண்டுகள் கண்டேன்.

தாழ்வாரம்

எல்லாவற்றையும் எண்ணிக்கையில் அடைத்துவிட முடியாது என்பதற்காக எழுதுகிறேன். என் தாயாரால் படியேற முடியாது, சக்கர நாற்காலியில்தான் அழைத்துச் செல்கிறோம். உயர்நிலை உறுப்பினருக்கான தனித் தொலைபேசி எண்ணில் அழைத்தால் ஒருவர் பொறுமையாகக் கேட்டு, தரைத்தளத்தில், குளியலறையில் கைப்பிடி உள்ள வீட்டை ஒதுக்கித் தருகிறார். பொது எண்ணில் நாற்பது நிமிடம் காத்திருந்ததும் உண்டு. அந்த மனநிம்மதிக்கு நான் கொடுக்கும் விலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கணக்கேடு

தாழ்வாரம் அவர்களே, உங்கள் தாயாருக்காக நீங்கள் செய்வதைக் குறைத்துப் பேச எனக்குத் துளியும் எண்ணமில்லை. ஆனால் ஒரு செய்தி. என் மாமியாருக்காக நானும் அப்படிப்பட்ட வீட்டைக் கேட்டிருக்கிறேன். எங்கள் குழுமத்தில் அதற்கும் உறுப்பினர் நிலைக்கும் தொடர்பில்லை. முன்பதிவின்போதே அந்த வகை வீட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு தெரிவு இருக்கிறது, அடிப்படை உறுப்பினருக்கும் அது திறந்திருக்கிறது. கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறார்கள், நானே இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் கண்டேன். உங்கள் குழுமத்திலும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். உயர்நிலைக்கு நீங்கள் கொடுக்கும் பணம் பொறுமையாகப் பேசும் ஒருவருக்காக என்றால் அது உங்கள் விருப்பம், நியாயமானதும்கூட. வீட்டுக்காக என்றால் தேவையில்லாமல் கொடுக்கிறீர்களோ என்று அஞ்சுகிறேன்.

தாழ்வாரம்

தேடிப் பார்த்தேன். இருக்கிறது, "மேலும் வடிகட்டு" என்பதற்குள். மிக்க நன்றி. ஆனாலும் தொலைபேசியில் பேசும் அந்த மனிதரை இழக்க எனக்கு மனமில்லை, ஆகவே இந்த ஆண்டும் அப்படியே தொடர்கிறேன்.

ஓய்வுக்காலம்

முதல் பதிவில் சொல்லாமல் விட்ட ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேசைக்கு அப்பால் எழுதியது என்னைச் சிந்திக்க வைத்தது.

நாங்கள் வாங்கிய காலத்தில் எங்கள் குழுமத்தில் ஒரு வழி இருந்தது. பத்து மாதங்களுக்கு முன்பே முழுப் புள்ளிகளில் விருப்பமான வாரத்தைப் பிடித்துவைத்துவிட்டு, 60 நாட்களுக்கு முன்னால் அதை ரத்து செய்து, அதே வாரத்தை அதே நிமிடத்தில் தள்ளுபடி விலையில் மீண்டும் பதிவு செய்யலாம். விடுமுறைக் காலத்திலும் எங்கள் புள்ளிகள் இரு மடங்கு வேலை செய்தன. எங்களுக்கு விற்றவர் இதைத்தான் பெருமையாக விளக்கினார், நாங்களும் முக்கியமாக இதற்காகவே அடுத்த நிலைக்கு உயர்ந்தோம். நான்கு ஆண்டுகள் கழித்து ஓர் அறிவிப்பு வந்தது: ரத்து செய்த இடம் உடனே பட்டியலுக்குத் திரும்பாது என்று முறையை மாற்றிவிட்டார்கள். அவர்கள் அப்படிச் செய்யலாம் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. பராமரிப்புக் கட்டணம் மட்டும் மாறவில்லை, அதாவது குறையவில்லை.

பள்ளி நாட்களில் போகிறவர்கள் என்பதால் நாங்கள் தப்பித்தோம். எங்கள் பக்கத்து வீட்டில் தங்கியிருந்த இளம் தம்பதியர் அதே கணக்கை நம்பி வாங்கியவர்கள்; இரண்டு சிறு குழந்தைகள். அவர்கள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நீலவானம், உங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால் என் 26 இரவுகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

நீலவானம்

இருவரும் பள்ளியில்தான் படிக்கிறார்கள். மூத்தவளுக்கு இன்னும் ஏழு ஆண்டுகள், இளையவனுக்குப் பத்து. கடன் முடியும் அதே காலம்.

மேசைக்கு அப்பால் சொன்ன பத்தியை ஒப்பந்தத்தில் தேடினேன். 14ஆம் பக்கத்தில் இருக்கிறது. ஓரத்தில் என் முதலெழுத்துகளும் என் மனைவியின் முதலெழுத்துகளும் இருக்கின்றன. அவளுடைய எழுத்து சற்றுச் சாய்ந்திருக்கிறது, அந்த நேரத்தில் மகன் பசிக்கிறது என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். வெள்ளைத் தாள் எங்களிடம் இல்லை.

இன்று காலை இருவரும் கையெழுத்திட்டு, இரண்டாம்கை சொன்னபடி நான்கே வரிகளில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். 5ஆம் நாள். ரசீதைப் படமெடுத்தும் வைத்திருக்கிறேன்.

மேசைக்கு அப்பால்

நல்லது. இனி தொலைபேசி வரும். "இன்னும் மலிவான ஒரு திட்டம் இருக்கிறது, ரத்துக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் தருகிறோம்" என்பார்கள். பேசுகிறவர் மீது கோபப்பட வேண்டாம், அது அவர் பணி. எழுத்தில் அனுப்பும்படி மட்டும் கேளுங்கள். கூட்டத்தில் கொடுத்த அன்பளிப்புப் பொருள் ஏதாவது இருந்தால், ரத்தாகும்போது திருப்பித் தர வேண்டுமா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள்.

நீலவானம்

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால்.

தொலைபேசி இரண்டு முறை வந்தது. எழுத்தில் அனுப்பச் சொன்னேன், எதுவும் வரவில்லை. புதிய உறுப்பினருக்கு என்று கொடுத்திருந்த கையடக்கக் கணினியைப் பெட்டியோடு திருப்பி அனுப்பினோம். ரத்து 23ஆம் நாள் உறுதியானது. கடன் கணக்கு முடிக்கப்பட்டதாகக் கடன் நிறுவனத்திடமிருந்து தனியாகக் கடிதம் கேட்டுப் பெற்றுக்கொண்டேன். இதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

கணக்கேடு அவர்களின் முறைப்படி நாங்களும் ஒரு குறிப்பேடு தொடங்கியிருக்கிறோம். அதில் முதல் பதிவு: அடுத்த ஆண்டுப் பள்ளி விடுமுறைக்கான முன்பதிவு அடிப்படை உறுப்பினர்களுக்குத் திறந்த நாளில், காலை 6 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பதிவு செய்தோம். கேட்ட வாரம், இரண்டு படுக்கையறை, கடலைப் பார்த்த பக்கம். பதிவுக் கட்டணம் 1.5.

கணக்கேடு

வலப்பக்கத்தில் "ஆம்" என்று எழுதிக்கொள்ளுங்கள்.